அப்பா பட்ட கடன் பிள்ளை தலையிலா?

"அப்பன் கடனைப் பிள்ளைதான் அடைக்கணும்" என்று துக்க வீட்டு வாசலிலேயே வசூலுக்கு நிற்பவர்கள் உண்டு. இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசு பொறுப்பு. கடன் 5 லட்சம், வந்த சொத்து 2 லட்சம் என்றால் அந்த 2 லட்சத்தோடு சரி. மகனின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. (ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு!)

முன்பெல்லாம் தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் 'புனிதக் கடமை' என்று சொல்லி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனின் பங்கையும் பிடிக்க முடிந்தது. 2005-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அந்தக் காரணம் செல்லாது.

மானத்துக்குப் பயந்து இருக்கிற நகையையும் அடகு வைக்கும் குடும்பங்களுக்கு இதை யார் சொல்வது? கடன் கொடுக்கும் அன்றே, வங்கி இதைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டுமே!