ஜாமீனுக்கு ஆள் இல்லை

போன மாதம் ஒருநாள் வங்கியில் என் கவுன்டருக்கு முன் ஒரு அம்மா வந்து நின்றார். பாஸ்புக்கில் போட்டோவும் முத்திரையும் அழிந்துவிட்டன, புதுசு வேணும் சார் என்றார். எதுக்கும்மா இவ்வளவு அவசரம் என்றேன். பின்னால் வரிசை நின்றதால் குரலைத் தாழ்த்தி, "பையன் ஜாமீனுக்கு" என்றார்.

மகனுக்கு ஜாமீன் உத்தரவாகி அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். பையன் இன்னும் கடலூர் கேப்பர் மலை சிறையில். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரத்த உறவு இந்த அம்மா. ரெண்டாவது ஆள் இல்லை. பேசப்பேச நான் எந்தக் காலனி என்று கண்டுகொண்டார். சார் தம்பி ஆனது. "நீங்க மாசச் சம்பளக்காரர்தானே தம்பி?"

பார்க்கலாம்மா என்றேன். வங்கியில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், வாடிக்கையாளர்களுக்கும் தெரியும்.

வழக்கு என்ன? பைக் திருட்டு. அவன் எடுத்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. இங்கேதான் நம் இயக்கத்தின் கூச்சத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். தேர் வரும் தெருவில் சாதி இந்துக்கள் அடித்துவிட்டு, அடிவாங்கியவன் மேலேயே எதிர்வழக்குப் போட வைத்தால் நாம் போஸ்டர் ஒட்டுகிறோம், மறியல் செய்கிறோம். சரிதான். ஆனால் திருட்டு, அடிதடி, சாராயம் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதிவிட்டால் காவல் நிலையத்துப் பொதுப்புத்தியே நம் பொதுப்புத்தியும் ஆகிவிடுகிறது. அவன் 'நம்ம கேசு' இல்லை. அவன் அம்மாவும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் இல்லை.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். இவர்களில் ஐந்தில் ஒருவர் தலித். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். சேரிக்காரன் அதிகம் திருடுகிறான் என்று இந்தக் கணக்குக்கு அர்த்தம் சொல்பவன் சொல்லிக்கொள்ளட்டும். பிடிப்பது யாரை, ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் கிடப்பது யார் என்பது நாம் கேட்க வேண்டியது.

1978-ல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. கீழே இருந்த நீதிபதி பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2023 ஜனவரி 31-ல் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாகப் பார்க்கலாம். அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. கோர்ட் வாசலில் நிற்கும் ஜாமீன் புரோக்கர் ரேட்டை மட்டும் சொல்லியிருக்கிறான்.

புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவும் அப்படித்தான். முதல்முறை சிக்கியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விட வேண்டும். மூன்று வருஷத் திருட்டு வழக்கு என்றால் ஒரு வருஷம். ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் கிடையாது. பிடிபட்ட ஒருத்தன் தலையில் ஸ்டேஷனில் துப்புக் கிடைக்காத கேசையெல்லாம் கட்டும் நாட்டில் இந்த ஒரு வரி போதும்.

வெளியே இருப்பவர்கள் அனுபவிக்கும் தண்டனைக்கு எந்தப் பிரிவும் இல்லை. 'மனு பார்க்க' கேப்பர் மலை போவதென்றால் ஒருநாள் கூலி போச்சு. பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் டிக்கெட். உள்ளே கேன்டீனுக்குப் பணம் கட்ட வேண்டும். குழுக்கடன் தவணை ஆள் ஜெயிலில் இருக்கிறான் என்று நிற்பதில்லை. இதை நான் கவுன்டரில் இருந்தே பார்க்கிறேன்: மூன்று தவணை விட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்களே வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

உள்ளேயும் சாதிதான். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததற்குச் 'சண்டை வராமல் இருக்க' என்று காரணம் சொன்னார்கள். 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதி பார்த்து வேலை ஒதுக்கும் விதிகளை ரத்து செய்தது, பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. கட்டத்தை நீக்கினார்களா என்று போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான்.

வெளியே வந்தாலாவது? தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. எந்த மேஸ்திரி பத்தரைக்கு விட்டு அனுப்புவார்? எந்தச் செங்கல் சூளைக்காரன் பதினொன்றரைக்கு வேலைக்குச் சேர்ப்பான்? அப்புறம் பக்கத்து ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். ஏழைக் கைதிகளுக்கென்று 2023-ல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஜாமீனுக்கு 40,000 வரை, அபராதம் கட்ட 25,000 வரை. கேள்விப்பட்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

மேலவளவை நினைத்துக்கொள்கிறேன். 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்று ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008-லும் பதின்மூவரை 2019-லும் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அந்த அவசரத்தில் கால்வாசியைப் பைக் திருட்டு ரிமாண்டுக்குக் காட்டினால் கேப்பர் மலையில் பாதி இடம் காலியாகும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஜாமீன் நிற்பது என்றால் பணம் கட்டுவதில்லை. பையன் வாய்தாவுக்கு வராமல் போனால்தான் பத்திரத் தொகைக்கு நான் பொறுப்பு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். மேலாளர் என்ன நினைப்பார், பிரமோஷனில் கை வைப்பார்களா, ஸ்டேஷன் ரிக்கார்டில் என் போட்டோவும் கைரேகையும் எதற்கு என்று ஐந்து நாள் யோசித்தேன். அந்த ஐந்து நாளும் அந்தப் பையன் எனக்காக உள்ளே இருந்தான். இடஒதுக்கீட்டில் வேலை வாங்கியவன் நான். விடுதலை பற்றிக் கவிதையும் எழுதுகிறவன்.

ஆறாம் நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். காலை பத்து மணிக்கு நின்று, மாலை நாலரைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளச் சான்றைப் பார்த்த குமாஸ்தா என்னை 'சார்' என்றார், அந்த அம்மாவை 'ஏம்மா ஓரமா நில்லு' என்றார். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர இன்னும் ஒருநாள். பையன் வெளியே வந்தது இருபத்தாறாம் நாள். இப்போது தினமும் பத்தரைக்குக் கையெழுத்துப் போடுகிறான், வேலை இல்லை. கண்டிஷனைத் தளர்த்த மனுப் போட வழக்கறிஞர் தோழர் ஒருவர் கட்டணம் இல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த இதழிலிருந்து ஒரு பட்டியல் தொடங்குகிறோம். மாதச் சம்பளம் வாங்கும் தோழர்கள் - ஆசிரியர்கள், மின்வாரியத்தார், வங்கி ஊழியர்கள், போக்குவரத்துத் தோழர்கள் - எந்த மாவட்ட நீதிமன்றத்தில் ஜாமீன் நிற்க முடியும் என்று எழுதி அனுப்புங்கள். வழக்கு என்னவென்று கேட்க மாட்டோம். மாணவத் தோழர்கள் மனு பார்க்கப் போகும் குடும்பங்களோடு ஒருமுறை கூடப் போய் வாருங்கள், 479-ஐயும் 2023 உத்தரவையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்ச் சிறை வாசலில் கொடுங்கள். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.