படகுத் தேக்குக்கு எண்ணெயே போதும்

பாய்மரப் படகு வச்சிருக்கும் மும்பை நண்பர் ஒருத்தர், உள்ளே கறுத்துப் போன தேக்குப் பலகைகளுக்கு வார்னிஷ் அடிக்கணும்ங்கறார். எனக்கு உடன்பாடு இல்லைங்க.

எண்ணெய் ஊறின மரத்துல வார்னிஷ் சரியாப் பிடிக்காது. இந்த ஊர் மழைக்கால ஈரத்துல உரிய ஆரம்பிச்சா மொத்தத்தையும் சுரண்டணும். எண்ணெய்ன்னா கீறல் விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாள்ல தேய்ச்சு, மெல்லிசா தடவி, கால் மணி நேரத்துல மிச்சத்தைத் துடைச்சா ஆச்சு. (பேங்க்காரன் பாஷையில: எண்ணெய் மாசத் தவணை, வார்னிஷ் மொத்தமா வந்து நிக்கிற பாக்கி!)

பயமெல்லாம் துடைச்ச துணி மேலதான். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோட சேர்ந்து இறுகும்போது சூடாகும். கசக்கிக் குவிச்ச துணியில அந்தச் சூடு வெளியேற வழியில்லாம தானாவே பத்திக்கும். 1991-ல ஃபிலடெல்ஃபியாவுல, ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடிக் கட்டடம் எரிஞ்சது இப்படித்தான். மரப்பலகைக்கு மெருகு போட்டவங்க விட்டுட்டுப் போன துணி. மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க.

படகு கேபினுக்குப் பெரும்பாலும் ஒரே ஏணிதான். துணியைத் தண்ணியில முக்கி, மூடி போட்ட தகர டப்பாவுல போட்டு, அன்னிக்கே கரைக்குக் கொண்டு போயிடுங்க.