ஒரு பேரின் விலை

மருத்துவ பீடத்தில் படிக்கும் எங்களைச் சமூக மருத்துவப் பயிற்சிக்காகச் சில வாரங்கள் கிராமப்புறங்களுக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்த இடம் பொல்பிட்டிய. பெயரைக் கேட்டதும் வாப்பா, "அது எங்க இருக்கு? பொம்புளப் புள்ள தனியப் போய்வரக்கூடிய இடமா?" என்று கேட்டார். உம்மா அட்டைக்கடிக்கென்று உப்பும் சவர்க்காரமும் பொட்டலமாகக் கட்டித் தந்தார். கினிகத்தேனையில் சாச்சி வீடு இருந்தபடியால்தான் எனக்கு அனுமதியே கிடைத்தது. அங்கே நான் விட்ட ஒரு பிழையையும், அதனால் என் மனதில் உருவான ஒரு கருத்தையும் நம் கல்லூரித் தங்கைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாக மாறும் பகுதி அது. 1969 முதல் இயங்கும் நீர்மின் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. மேலே மலைச்சரிவில் தேயிலையும் லயங்களும். மழை விடுவதே குறைவு. லயத்திலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வருவதென்றால் வழுக்கும் படிகளில் இறங்கி, பாதைக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, இலக்கம் எடுத்து, இரத்த அழுத்தம் பார்த்து, மருந்துக்கு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பகல் அப்படியே போய்விடும்.

நான் போன இரண்டாவது கிழமை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர். கையில் இரத்த அழுத்தம் 180க்கு 110. கிளினிக் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு மாதம் வந்தால் அடுத்த மாதம் இல்லை. "ஒழுங்காக வருவதில்லை" என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பாரிசவாதம் வரும், சிறுநீரகம் பழுதாகும், கண் போகும் என்று பாடப்புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். "உங்க உயிர் மேல உங்களுக்கே அக்கறை இல்லையா அக்கா?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மருந்த விடல மிஸ். பாதி பாதியா உடைச்சுப் போடுறேன். ஒரு மாச மருந்து ரெண்டு மாசத்துக்கு வரும். ஒவ்வொரு மாசமும் வந்தா பேர் போயிரும்."

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கான பதிவைத்தான் பேர் என்கிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். கிளினிக் நடப்பது வேலைநாளில். ஆகவே இலவச மருந்துக்கு அவர் ஒவ்வொரு மாதமும் ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பாதியாகக் குறைப்பதற்காக மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார். அக்கறை இல்லாதவர் அப்படிக் கணக்குப் பார்த்து மாத்திரை உடைப்பாரா? அவரைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருந்ததும் பிழை, நான் கேட்ட கேள்வியும் பிழை.

அங்கிருந்த வைத்தியர் சிங்கள மொழி பேசுபவர், மிகவும் இரக்கமானவர். நான் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இத்தனை மாதமாக இதை நான் கேட்கவில்லையே" என்றார். கேட்டிருந்தாலும் அந்த அம்மாவுக்கு அதைச் சிங்களத்தில் விளக்கத் தெரிந்திராது. அன்று முதல் அவருக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கவும், இடையில் குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்குப் போகும்போது அழுத்தம் பார்க்கவும் ஏற்பாடானது.

இது ஓர் அம்மாவின் கதை மட்டுமல்ல. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று இந்த நாட்டில் 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த நமது பொதுச் சுகாதார சேவையைப் பல நாடுகள் பாராட்டுகின்றன. ஆனாலும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் நீண்டகாலம் பணியாற்றிய வைத்தியர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் எழுதிய கட்டுரையில், மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று காட்டினார். சுரங்கத்துக்குப் பதிலாகத் தேயிலையை வைத்துப் பார்த்தால் அது நமக்கும் பொருந்துகிறது.

இதற்கு என்ன செய்யலாம்? நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். தோட்டங்களை அண்டிய இடங்களில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளினிக் நடத்தலாம். இவை நடக்காத காரியங்கள் அல்ல. 2020இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பியது இதே நாடுதான். ஞாயிறன்று வேலை செய்ய ஆள் வேண்டும், அதற்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் பாரிசவாதத்தில் விழுந்த ஒருவரை வைத்தியசாலையில் வைத்துப் பராமரிக்கும் செலவு அதைவிடப் பெரிது. அந்தக் குடும்பம் இழப்பதற்கோ கணக்கே இல்லை.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. அந்த அம்மா என்னிடம் மனந்திறந்ததற்கு நான் கெட்டிக்காரி என்பது காரணமல்ல. அவருடைய பாஷையில் பேசக்கூடிய ஒரு பெண் அங்கே இருந்தாள், அவ்வளவுதான். நாமும் தமிழ் பேசுகிறோம். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படியான இடத்தில் வேலை செய்ய நினைக்கிறோம்? வைத்தியராவதென்றால் கொழும்பு, கண்டி, பிறகு வெளிநாடு என்றுதான் கனவு போகிறது. மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் அழுகிறோம். தாதியாக, குடும்பநல உத்தியோகத்தராக, மருந்தாளராகத் தமிழ் தெரிந்த பெண்கள் இந்த மலைகளுக்கு எவ்வளவு தேவை என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தூரம், தங்குமிடம், இரவுக் கடமை, கலியாணப் பேச்சு எல்லாம் உண்மையான கவலைகள். பாதுகாப்பான விடுதி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, அதைக் கேட்போம். ஆனால் "பொம்புளப் புள்ளைக்கு அது சரிவராது" என்று கதவை மூடுவது நம் மார்க்கத்தின் வழியல்ல. அகழ்ப் போரின்போது காயப்பட்டவர்களைத் தன் கூடாரத்தில் வைத்துப் பராமரித்த ருபைதா அல்-அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் பெயரை நாம் மேடைகளில் சொல்கிறோம். அந்தக் கூடாரத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை போக வேண்டி வரும்போதும் அதே பெயரை நினைக்க வேண்டும்.

பயிற்சி முடிந்து வீடு வந்த அன்று, வாப்பாவிடம் அந்த மாத்திரைக் கதையைச் சொன்னேன். அவருக்கும் பிரஷர் இருக்கிறது. பத்து நிமிட நடையில் மருந்துக்கடை. நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "படிச்சு முடிச்ச பிறகு அங்கே போட்டா, போவியா மகள்?" என்று கேட்டார். "நீங்க விட்டாப் போவேன் வாப்பா" என்றேன். இம்முறை அவர், அது பெண்பிள்ளை போகக்கூடிய இடமா என்று கேட்கவில்லை. விடுதி இருக்கிறதா என்று கேட்டார்.