பாயும் யந்திரமும்

பாய்மரப் படகுப் பந்தயங்களில் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற விவாதம் மேல்நாடுகளில் பலமாக நடந்து வருகிறது. குளச்சலும் தூத்தூரும் உள்ள ஜில்லாவில் வாழும் நமக்கு இது அந்நிய விஷயமன்று.

1968-69ல் படகில் தனியே, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்து கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜெயித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் கட்டப்பட்ட படகு என்பதை நாம் பெருமையுடன் நினைவூட்டுகிறோம். அதன் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2018ல் அப்பந்தயம் மறுபடி நடந்தபோது, பழைய காலத்துக் கருவிகளே அனுமதிக்கப்பட்டன. ஸெக்ஸ்டண்டால் சூரியனை அளந்து, காகிதப் படத்தில் இடங்குறித்துச் செல்ல வேண்டும். ஜி.பி.எஸ். கருவி முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும். ஆபத்தில் மட்டுமே அதை உடைக்கலாம்.

இந்த ஏற்பாடு சரியானதென்பதே நமது அபிப்பிராயம். ‘வாந்தே குளோப்’ போன்ற பந்தயங்களில் மின்சுக்கானுக்கு அனுமதி உண்டு. தனியாளும் தூங்கித்தானே ஆகவேண்டும்! அதில்கூடக் கரையிலிருந்து ஒருவர் வழி சொல்வது கூடாது. கருவிக்கு வரம்பே இல்லையென்றால் செல்வ நாட்டின் பணப்பையே சுக்கான் பிடிக்கும். ஒரே அமைப்புள்ள படகுகள் ஓடும் பந்தயப் பிரிவில்தான், சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக, டோக்கியோவில் 2021ல் ஐரோப்பியருடன் போட்டியிட்டார்.

ஆனால் உயிர்காக்கும் கருவிக்கு வரம்பு கூடாது. 2018 செப்டம்பரில் நமது கடற்படைக் கமாண்டர் அபிலாஷ் டோமியின் படகு, தென் இந்து மகாசமுத்திரத்துப் புயலில் பாய்மரங்களை இழந்தது. முதுகு ஒடிந்து எழமுடியாமல் கிடந்த அவர் இருந்த இடம், பெர்த் நகருக்கு மேற்கே சுமார் 1,900 கடல் மைல். அபாய அறிவிப்புக் கருவியும் செயற்கைக் கோள் வழிச் செய்தியும் இருந்தபடியால் மூன்றே நாளில் பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது. அவரே அடுத்த பந்தயத்தில், அதே கட்டுப்பாடுகளுக்குட்பட்டு, 2023ல் இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார்.

அந்த விபத்துக்குப் பத்து மாதம் முன்பு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி புயல் நமது கடலில் வீசியது. ஆழ்கடலில் சுறா தேடிச் சென்றிருந்த தூத்தூர்க் கரையோர மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் படகிலிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் பேசாது. விளையாட்டுக்குச் சென்றவருக்கு இருந்த வசதி, பிழைப்புக்குச் சென்றவருக்கு இல்லை. இது மறக்கத்தக்கதா?

2024ல் இந்திய ஸர்க்கார் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக் கோள் வழிச் செய்திக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியதை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு சந்தேகம். தூத்தூர் மீனவரின் படகுகள் பல கொச்சித் துறைமுகத்தில் நிற்பவை. தமிழ்நாட்டு அதிகாரி கேரளத்தைக் காட்டவும், கேரளத்து அதிகாரி தமிழ்நாட்டைக் காட்டவும் கூடும். எந்த ஊர்ப் படகு எந்தத் துறையில் நின்றாலும் அங்கேயே கருவி பொருத்தப்பட வேண்டும். அடுத்த புயற்பருவத்துக்குள் படகுவாரியான கணக்கை ஸர்க்கார் வெளியிடவேண்டுமென்று கோருகிறோம்.