கர்னலோடு டீபக் சிம்பலும் வர வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் கிளினிக், பள்ளி, அச்சகம், கூட்டுறவுச் சங்கம் என்று சிறிய இடங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர்களின் சங்கம் எங்களுடையது. எங்கள் நிலைப்பாடு இதுதான்: லினக்ஸ் கர்னலைத் தானே பில்டு செய்து கருவியில் ஏற்றி விற்கும் எந்த நிறுவனமும், அந்த பில்டுக்குரிய டீபக் சிம்பல் கோப்பை (எந்த நினைவக முகவரி எந்த ஃபங்ஷன், சோர்ஸின் எந்த வரி என்று காட்டும் கோப்பு) வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாதவர்கள், அந்த கர்னல் களத்தில் ஓடும் வரைக்கும் கோப்பை அழிக்காமல் வைத்திருந்து, மெஷின் விழும்போது பதிவாகும் நினைவக டம்பை அனுப்பினால் படித்துச் சொல்ல எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்படி ஓர் அறிக்கை எழுத வைத்தது ஒரு கிளினிக்கின் பில்லிங் சர்வர். அது அடிக்கடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் அந்த டம்ப், அதாவது விஎம்கோர் கோப்பு, ஒழுங்காகவே பதிவானது. அதைத் திறக்க அந்த கர்னலின் சிம்பல் நீக்காத விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும் என்று விற்றவரிடம் கேட்டோம். பில்டு செய்த மெஷினைத் துடைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. ரேமை மாற்றிப் பாருங்கள் என்ற ஆலோசனையும் கூடவே வந்தது. இந்த ஆலோசனைக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மெஷின் பூட் ஆகும்போதே நினைவகத்தில் ஒரு துண்டு ஒதுக்கி, அதில் இரண்டாவது கர்னல் ஒன்றை ஏற்றி வைக்கிறோம். முதல் கர்னல் பேனிக் ஆனதும் கெக்ஸெக் வழியாக இரண்டாவது விழித்து, முதலாவதன் நினைவகத்தை அப்படியே கோப்பாக எழுதுகிறது. இதுதான் கேடம்ப். 2005-இல் வந்த லினக்ஸ் 2.6.13-இலிருந்து கர்னலிலேயே இருக்கிறது. கெக்ஸெக் எரிக் பீடர்மேனுடையது. அதன்மேல் கேடம்பை எழுப்பிய ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா, விவேக் கோயல், மனீஷ் சோனி ஆகியோர் ஐபிஎம்மின் பெங்களூரு ஆய்வகத்தில் இருந்தவர்கள். 2005 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கேடம்ப் பற்றிய கட்டுரை வந்தபோது பீடர்மேனோடு கோயலும் நெல்லித்தீர்த்தாவும் ஆசிரியர்கள். உலகத்து லினக்ஸ் சர்வர்களெல்லாம் விழும்போது உதவுகிற கருவி நம் ஊரில் எழுதப்பட்டது. அதே ஊரில் விற்கும் பெட்டிகளில் அது பாதி முடமாக வருவது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

டம்ப் மட்டும் கையில் இருந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றுமே கிடைக்காது என்று சொல்ல மாட்டோம். கடைசி கர்னல் லாகை உருவி எடுக்கலாம். எந்த ஃபங்ஷனில் விழுந்தது, அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது வரை தெரியும். அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கும். ரெட் ஹாட்டின் டேவ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் பராமரித்த க்ராஷ் கருவியில், சிம்பல் நீக்கிய விஎம்லினக்ஸைக் கொடுத்தால், டீபக் தரவு இல்லை என்று ஒரே வரி சொல்லிவிட்டு வெளியேறிவிடும். வேறொரு பில்டின் விஎம்லினக்ஸைக் கொடுத்தாலோ, இந்த டம்பும் இந்தக் கோப்பும் பொருந்தவில்லை என்று கைவிரிக்கும்.

“சோர்ஸ் கோட்தான் பொதுவில் இருக்கிறதே, நீங்களே பில்டு செய்துகொள்ளுங்கள்” என்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல. ஒவ்வொரு புராசஸுக்கும் கர்னல் வைத்திருக்கும் டாஸ்க் ஸ்ட்ரக்டையே எடுத்துக்கொள்வோம். அதில் புராசஸின் பெயருக்கு 16 பைட் இடம் உண்டு. அந்த 16 பைட் ஸ்ட்ரக்டின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பது கான்ஃபிக் கோப்பில் எதை ஆன் செய்தார்கள், எதை ஆஃப் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பைலர் பதிப்பு மாறினால் ஃபங்ஷன்களின் முகவரிகளும் மாறும். ஸ்ட்ரக்ட் அமைப்பைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு வசதி ஒன்று 2017 முதல் கர்னலில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால், பில்டு செய்தவரின் ரகசிய விதை எண் இல்லாமல் அதே அமைப்பு மறுபடி வராது. கர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு சோர்ஸையும் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட்களையும் கேட்கும் உரிமையைத் தருகிறது. டீபக் கோப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உரிமத்தை நம்பிப் பயனில்லை. கொள்முதல் ஒப்பந்தத்தில்தான் எழுத வேண்டும்.

சிம்பல் வைத்தால் மெஷின் மெதுவாகும் என்ற சாக்கை நாங்கள் ஏற்கவில்லை. லாக்டெப், கேசான் போன்ற சோதனைகளோடு ஓடும் டீபக் கர்னல் மெதுவானதுதான். நாங்கள் கேட்பது அது அல்ல. வழக்கமான கர்னலைப் பில்டு செய்யும்போதே டீபக் தகவலை உருவாக்கி, அதைத் தனிக் கோப்பில் பிரித்து வைப்பதைத்தான் கேட்கிறோம். ஓடும் மெஷினில் அது ஏறவே தேவையில்லை. இடம் பிடிக்கும், உண்மைதான். மாட்யூல்களையும் சேர்த்தால் ஜிபி கணக்கில் போகும். இன்றைய டிஸ்க் விலையில் இதைக் காரணமாகச் சொல்பவர்களோடு வாதாட விருப்பமில்லை.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு அதைவிடப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிம்பல் கொடுத்தால் தாக்குபவருக்கு வரைபடம் கொடுத்த மாதிரி என்கிறார்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் தங்கள் கர்னல் சிம்பல்களைப் பொதுவிலேயே வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் சிம்பல்களுக்கென்று பொது சர்வர் நடத்துகிறது. பூட் ஆகும்போது கர்னல் எந்த முகவரியில் போய் உட்கார்ந்தது என்ற ரகசியம் இந்தக் கோப்பில் கிடையாது. ஆபத்து இருப்பது டம்பில். பாஸ்வேர்டு, சாவி, நோயாளியின் பெயர், எதுவும் நினைவகத்தில் இருந்திருக்கலாம். 2023-இல் தன் கையொப்பச் சாவி ஒன்று திருடுபோனதற்கு ஒரு க்ராஷ் டம்ப் காரணமாக இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்தச் சாவி உள்ள டம்ப் எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று மறு ஆண்டு திருத்திக்கொண்டது. அது நடந்ததோ இல்லையோ, நடக்கக்கூடியதே என்று அந்த நிறுவனமே நினைத்தது. டம்பைச் சுருக்கும் மேக்டம்ப்ஃபைல் கருவியில் டம்ப் லெவல் 31 என்று வைத்தால் யூசர் பக்கங்களும் கேஷும் கழிந்துவிடும். கர்னலின் சொந்தப் பக்கங்களில் இருப்பது மிஞ்சும். அதனால்தான் டம்பை விற்றவருக்கு அனுப்பச் சொல்லும் முறையை நாங்கள் இரண்டாம்பட்சமாகவே ஏற்கிறோம். சிம்பல் இங்கே வந்தால் டம்ப் கிளினிக்கை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவின்படி சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு கர்னல் விழுந்தது டிரைவர் கோளாறாலா, யாரோ உள்ளே நுழைய முயன்றதாலா? சிம்பல் இல்லாதவர் இதற்கு ஊகத்தைத்தான் பதிலாக எழுத முடியும். லாகுக்குக் காலவரம்பு வைத்தவர்கள் சிம்பலுக்கும் வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

சிம்பல் பொதுவில் இருந்தால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் அப்டேட்டால் மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். கோளாறு எந்த டிரைவரில், என்ன வகை என்று வெளியாட்களும் சீக்கிரமே டம்பைப் பிரித்துச் சொல்ல முடிந்ததற்கு விண்டோஸ் சிம்பல்கள் பொதுவில் இருந்தது பெரிய துணை. 20 மதிப்புகள் இருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போனதே காரணம் என்ற நுணுக்கத்தைப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்கே வெளியிட்டது.

வர்த்தக ரகசியம் உள்ள மாட்யூல்களுக்கு விட்டுக்கொடுக்கத் தயார்: அவற்றின் சிம்பல் விற்றவரிடமே இருக்கட்டும், கர்னலுடையது எங்களிடம் வரட்டும். கர்னலுக்குள்ளேயே அடங்கும் பிடிஎஃப் (BTF) தகவல் மட்டும் போதாதா என்பவர்களுக்கு: ஸ்ட்ரக்ட் அமைப்பு அதில் கிடைக்கும், சோர்ஸின் வரி எண் கிடைக்காது. எதுவும் இல்லாததற்கு அது மேல், அவ்வளவே.

வரும் நிதியாண்டு முதல் எங்கள் உறுப்பினர்கள் புதுச் சர்வரை ஏற்றுக் கையெழுத்திடும் முன் ஒரு சோதனை நடத்துவார்கள். விற்றவரின் ஆள் முன்னிலையில், நோயாளிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், கர்னலின் சிஸ்ஆர்க்யூ கட்டளை வழியாக மெஷினை வேண்டுமென்றே விழ வைப்போம். எழுந்தபின் விஎம்கோரை அவர் கொடுத்த விஎம்லினக்ஸோடு திறப்போம். பேக்டிரேஸில் ஃபங்ஷனோடு சோர்ஸ் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்தால் கையெழுத்து. வராவிட்டால் பெட்டி அன்றே திரும்பிப் போகும்.