பிழையான இந்தியில் ஒரு தேநீர்

தன்னம்பிக்கையை வளர்ப்பதற்கான பயிலரங்குகள் நம் உயர்கல்வி நிறுவனங்களில் பெருகிவிட்டன. நிமிர்ந்து நில்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், தயங்காதீர்கள் என்று இரண்டு மணி நேரம் அறிவுறுத்திவிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். என்னிடமும் அத்தகைய சான்றிதழ்கள் இரண்டு உள்ளன. அவற்றால் கிட்டாத துணிவு எனக்கு ஐதராபாத்தின் ஈரானித் தேநீர் விடுதிகளிலும் சிறு உணவகங்களிலும் கிட்டியது. அது எப்படி நேர்ந்தது என்பதை மொழியியல் பயின்றவள் என்ற முறையில் எழுதிப் பார்க்கிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்நகருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இந்தி, பள்ளிக்கு வெளியே தனியாகப் படித்துத் தேறிய தேர்வுகளின் இந்தி. வந்த இரண்டாம் வாரத்தில், விடுதி நடைபாதையில், தோழி ஒருத்தி நாளை வருவதாகச் சொன்னாள் என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். ‘ஆயேகி போல்கே போலி’ என்பது என் வாக்கியம். உடன் இருந்தவர்களில் ஒருவர் அதே வாக்கியத்தை என் குரலிலேயே திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு, தேவைக்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. கருத்தரங்க வகுப்புகளில் கடைசி வரிசை. விடுதி உணவு பிடிக்காத நாள்களில் கைப்பேசிச் செயலி. ஒரு சொல்லும் பேசாமல் ஒரு நகரத்தில் உண்டு உயிர்வாழ முடியும் என்பது நம் காலத்தின் வசதி. அதுவே என் பொறியாகவும் ஆயிற்று.

அபிட்ஸ் நடைபாதைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நூல்கள் விற்பார்கள். ஒரு ஞாயிறு அங்கே சென்று, நூல்களும் வெயிலுமாகக் களைத்து, நாம்பள்ளிப் பக்கத்தில் ஒரு தேநீர் விடுதிக்குள் நுழைந்தேன். பாரசீகத்திலிருந்து குடியேறியவர்கள் இந்நகரில் தொடங்கிவைத்த மரபு அது. தேயிலைச் சாற்றை மூடிய கலத்தில் நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சுவார்கள். இரண்டும் கோப்பையில்தான் சேரும். நான் கோப்பையோடு அமர்ந்திருந்தபோது, பரிமாறுபவர் கல்லாவில் இருந்தவரிடம் யாரைப் பற்றியோ சொன்னார்: ‘கல் ஆத்தூன் போல்கே போலா.’ அதாவது, ‘நாளைக்கு வரேன்னு சொன்னான்.’

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நான் சொல்லிச் சிரிக்கப்பட்ட வாக்கியத்தின் அமைப்பு அது. எவரும் சிரிக்கவில்லை. கல்லாக்காரர் தலையசைத்துவிட்டுச் சில்லறையை எண்ணினார்.

மொழியியலார் அறிந்த செய்திதான் இது. பாடநூல் இந்தியில் ‘சொன்னான்’ முதலில் வரும். ‘கி’ என்னும் இணைப்புச்சொல் அடுத்து வரும். சொல்லப்பட்ட செய்தி இறுதியில் வரும். தக்கினி உருதுவில் செய்தி முன்னே நிற்க, ‘போல்கே’ அதன் பின்னே வந்து ஒட்டும். தமிழின் ‘என்று’, தெலுங்கின் ‘அனி’ செய்யும் வேலையை அது செய்கிறது. தெலுங்கு, கன்னடம், மராத்தி பேசுவோரோடு நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்த மொழிக்கு அக்கலப்பு தந்த இலக்கணம் அது. இதை முதுகலையில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது, அதைப் பிழை என்று பிறர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். படித்தது மூளையில் இருந்தது; வெட்கம் உடம்பில் இருந்தது. உடம்பில் இருப்பதைப் பயிலரங்கு நீக்காது.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். இதுவரை உண்ணாத ஒன்றை உண்ண வேண்டும். பட்டியலில் விரல் வைத்துக் காட்டாமல் வாயால் கேட்க வேண்டும். அவ்வுணவு பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். ராய்துர்க்கத்தில் மெட்ரோ ஏறி அமீர்ப்பேட்டையில் மாறும்வரை கேள்வியை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பேன். காலை உணவாகக் கிச்சடியும் கீமாவும் உண்டேன். எள்ளும் புளியும் சேர்ந்த ‘கட்டா’வை அதன்மேல் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த மேசைப் பெரியவர் கற்பித்தார். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஐதராபாத் ஹலீமை, கோதுமையும் இறைச்சியும் மரத்தடியால் மணிக்கணக்கில் கடையப்படும் அடுப்பின் எதிரிலேயே நின்று உண்டேன்.

பிழைகளும் செய்தேன். ‘டபுள் கா மீட்டா’ என்பதை இரட்டைப் பங்கு இனிப்பு என்று எண்ணி, எனக்கு ஒற்றைப் பங்கே போதும் என்றேன். பரிமாறியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே சென்று ஒரு ரொட்டித் துண்டை எடுத்துவந்து காட்டினார். உப்பி எழும் ரொட்டிக்கு ‘டபுள் ரொட்டி’ என்று பெயர். அந்த ரொட்டியில் செய்த இனிப்பு அது. இதுவும் சிரிப்புதான். ஆனால் விடுதியில் கேட்ட சிரிப்பு உரையாடலை முடித்துவைத்தது. இந்தச் சிரிப்பு அடுத்த வாக்கியத்தைக் கொண்டுவந்தது.

தெலுங்கு உணவகம் ஒன்றில், புளிச்சக்கீரைப் பருப்பை மேலும் மேலும் இட்ட அம்மையாரைத் தடுக்கச் சொல் தெரியாமல் திகைத்தேன். பக்கத்தில் ஒருவர் ‘சாலு’ என்றார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த ‘சால’ என்னும் உரிச்சொல்லின் உறவு, சோற்றுத் தட்டின்மேல் நீட்டிய ஒரு கையில் உயிரோடு இருந்தது. நானும் ‘சாலு’ என்றேன். இட்ட கை நின்றது. சொன்ன சொல் உலகில் வேலை செய்வதைக் கண்ணால் காண்பதைவிடப் பெரிய நம்பிக்கை பேசுபவருக்கு வேறில்லை.

எல்லாம் இனிமையாகவே நடந்ததாக எண்ண வேண்டாம். விடுதி ஒன்றில் நுழைந்தவுடன், ‘ஃபேமிலி அந்தப் பக்கம்’ என்று திரை போட்ட அறையைக் காட்டினார்கள். நான் தனியாகத்தான் சென்றிருந்தேன். உணவக வழக்கில் ‘ஃபேமிலி’ என்னும் சொல்லுக்குப் பெண் என்று பொருள். ஒருத்தியே வந்தாலும் அவள் குடும்பம், பத்து ஆண்கள் வந்தாலும் அவர்கள் வாடிக்கையாளர்கள். சில மாதங்கள் திரைக்குள் அமர்ந்தேன். ஒருநாள், ‘இங்கேயே உட்காருகிறேன்’ என்று முன்கூடத்து மேசையைக் காட்டினேன். ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு தேநீர் வந்தது. அடுத்த மாதம் வேறொருவர் மீண்டும் திரையைக் காட்டினார், மீண்டும் சொன்னேன். திரையின் மறைவை விரும்பும் பெண்களுக்கு அதற்கான காரணங்கள் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தன்னம்பிக்கை ஒருமுறை வென்று சட்டமிட்டு மாட்டும் பதக்கம் இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அங்கே அறிந்தேன்.

இவ்வாறு ஊர் சுற்றி உண்பதற்குப் பணமும் நேரமும் வேண்டும் என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். உதவித்தொகை தாமதமான மாதங்களில் என் ஞாயிறு ஒரு தேநீரோடும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டுகளோடும் முடிந்தது. மேலும், நாள் முழுதும் நின்றபடி உழைக்கும் பரிமாறுநரின் பொறுமை எனக்கான இலவசப் பயிற்சி வகுப்பு அன்று. கூட்ட நேரத்தில் என் கேள்விகளை விழுங்கிக்கொள்ளவும் கற்றேன்.

ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் நாம் பேசும்போது முதலில் எடைபோடப்படுவது உச்சரிப்பும் வாக்கியமும்; பொருள் அதன் பிறகு. உணவகத்தில் பொருளே முதலில் சென்று சேர்கிறது. என் பிழையை அங்கே எவரும் மன்னிக்கவில்லை; மன்னிக்க வேண்டிய ஒன்றாகவே கருதவில்லை. நம்பிக்கை வளர அந்த வேறுபாடு போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டு ஆய்வு முன்னேற்ற உரையில் ஓர் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வராமல் நின்றபோது, அந்தக் கருத்தை வேறு நான்கு சொற்களால் சுற்றிவந்து சொன்னேன். ஹலீம் அடுப்பின் முன் பழகிய பழக்கம் அது.

மூத்த ஆய்வாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த மாணவி பிழையோடு கேள்வி கேட்டால், கேள்விக்கு விடை சொல்லுங்கள். அவளுக்குப் பயிலரங்கு தேவைப்படாமல் போகலாம். கடைசி வரிசையில் இருக்கும் இளையவர்களே, இந்த ஞாயிறு ஒருவேளை உணவுக்கு மட்டும் செயலியை மூடி வையுங்கள். ஒரே ஒரு வாக்கியத்தோடு ஒரு கடைக்குச் செல்லுங்கள். அது பிழையான வாக்கியமாக இருந்தாலும் தேநீர் வரும்.