முதலாளிக்குத் தீர்வு; தொழிலாளிக்கு மஞ்சள் கடுதாசி!

"அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று ஊர் பேசும்போது அந்தப் பேச்சிலே எத்தனை ஏளனம் கலந்திருக்கிறது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். கடனைத் தீர்க்க வழியில்லாமல் நொடித்துப் போனவன் நீதிமன்றத்தை அணுகி, கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பினால் அதற்கு ஊர் வைத்த பெயர் அது. வக்கீல் குமாஸ்தாக்கள் 'ஐ.பி.' என்பார்கள். பெயர் எதுவானாலும், வாங்கியவன் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது. பெண் கொடுக்க மாட்டார்கள். டீக்கடையில்கூடக் கணக்கு வைக்க மாட்டார்கள்.

இதே காரியத்தை ஒரு பெரிய கம்பெனி செய்தால் என்ன பெயர் தெரியுமா? 'தீர்வு!' நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நொடிப்பு, திவால் பற்றி ஒரு புதிய சட்டம் இயற்றிற்று. அந்தச் சட்டத்தின்படி, அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற துணி உற்பத்திக் கம்பெனியின் விவகாரம் 2019இல் முடிந்தது. வரவேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். ஒப்புக்கொள்ளப்பட்ட திட்டம் ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய்க்கு. மிச்சம்? மிச்சம் போயே போயிற்று! இதற்கு வங்கி வட்டாரத்தில் 'ஹேர்கட்' என்று பெயர், அதாவது முடிவெட்டு. ரூபாய்க்குப் பதிமூன்றணா போனது முடிவெட்டாம்! தலையே அல்லவா போயிருக்கிறது!

கம்பெனிகளுக்கு இந்த வழி இருக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆலைக்குப் பூட்டுப் போட்டால் முதலில் தெருவுக்கு வருபவன் தொழிலாளிதான். நாம் கேட்பது வேறு. கோடிகளில் கடன்பட்ட கம்பெனிக்குத் திறக்கிற கதவு, ஆயிரங்களில் கடன்பட்ட தொழிலாளிக்கு ஏன் திறக்கவில்லை?

அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். தனி மனிதர்களுக்கான பாகம் அது. அதிலே ஏழைக் கடனாளிக்கென்றே 'புதுத் தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாதவன், 20,000 ரூபாய்க்கு மேல் சொத்தில்லாதவன், சொந்த வீடு இல்லாதவன், தள்ளுபடிக்கு உரிய கடன் 35,000 ரூபாய்க்கு உட்பட்டவன் மனுச் செய்துகொள்ளலாம். விசாரித்து, அடமானம் இல்லாத அந்தக் கடனிலிருந்து விடுவித்துவிடலாம் என்று இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய்க்குள் வாழ்கிறவனைத் தேடிப் பிடித்துத்தான் இந்தச் சலுகை தருவார்களாம்! போகட்டும். அந்தப் பிச்சையாவது நடைமுறைக்கு வந்ததா? இல்லை. 2019 டிசம்பர் 1ஆம் தேதி மூன்றாம் பாகத்தைத் திறந்தார்கள், யாருக்கு? கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றவர்களின் விவகாரத்துக்கு மட்டும். 'புதுத் தொடக்கம்' அச்சடித்த தாளிலேயே தூங்குகிறது.

ஆகவே உழைப்பாளி இன்றைக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். பழைய சட்டம் என்பதற்காக நாம் அதை உதறிவிட வேண்டியதில்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தெரியாததால்தான் நம் தோழர்கள் மீட்டர் வட்டிக்காரனிடமும் தண்டல்காரனிடமும், இப்போது கைப்பேசிச் செயலிக் கடன்காரனிடமும் சிக்கிச் சீரழிகிறார்கள்.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைத் தீர்க்கச் சக்தியில்லை என்றால், கடனாளி தானே மனுப் போடலாம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தால், அதன் பிறகு கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதியில்லாமல் அந்தக் கடனுக்காக அவன்மேல் வழக்குப் போட முடியாது. கைதுக்கு அஞ்சுகிறவன் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அவன் சொத்து ரிசீவர் கைக்குப் போகிறது, உண்மை. ஆனால் ஜப்தி செய்யக் கூடாதென்று உரிமையியல் சட்டம் விலக்கி வைத்தவை போவதில்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவனின் கருவி, உழைப்பாளியின் கூலி, பிராவிடண்ட் பண்டு, மனைவி கழுத்துத் தாலி, இவற்றின்மேல் கை வைக்க முடியாது. "சட்டியைத் தூக்குவேன், தாலியைக் கழற்றுவேன்" என்று வாசலில் நின்று கத்துகிறானே, அவனுக்கு அந்த உரிமையை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை!

இனி, இந்தச் சட்டத்தின் கோணலையும் சொல்லியாக வேண்டும். நொடித்தவர் என்று அறிவித்தவுடன் கடன் ஒழிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒழியவில்லை. நீதிமன்றம் குறிப்பிடும் காலத்துக்குள் 'விடுவிப்பு' கேட்டு இன்னொரு மனுப் போட வேண்டும். போடாவிட்டால் பழைய அறிவிப்பே ரத்தாகும். கடன் கொடுத்தவன் மறுபடி வாசலுக்கு வருவான். விடுவிப்புக் கேட்கும்போது சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: உன் சொத்து, அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறுமா? தேறாவிட்டால், அது உன் குற்றத்தால் நேரவில்லை என்று நிரூபி! கம்பெனிக்கு மூன்றணாவுக்கும் குறைவாகத் தேறினாலும் 'தீர்வு'. தொழிலாளிக்கு எட்டணாக் கணக்கு. இதைத்தான் நாம் வர்க்க நீதி என்கிறோம்.

நகைக்கடனும் வீட்டு அடமானமும் இந்த மனுவால் தீராது. அடமானம் பிடித்தவனின் உரிமை அப்படியே இருக்கும். சர்க்காருக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் பட்டதும், கோர்ட்டு விதித்த ஜீவனாம்சமும் தீராது. கைமாற்று, புரோநோட்டு, கிரெடிட் கார்டு, வங்கியின் தனிநபர் கடன் போன்றவைதாம் இதில் வரும்.

ஒரு விஷயம் நம்மை மிகவும் உறுத்துகிறது. கடனாளி விடுதலை பெற்றாலும், அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் விடுதலை பெறுவதில்லை. சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுகிறோம். குழுக்கடனிலே நம் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து பொறுப்பேற்கிறார்கள். ஒருவர் மனுப் போட்டால் சுமை மற்றவர் தலையில் இறங்கும். ஆகவே மனுப் போடுமுன் கையெழுத்துப் போட்டவரிடம் உட்கார்ந்து பேசுவதுதான் நாணயம். சொல்லாமல் போட்டவனை நாம் தோழன் என்று அழைக்க மாட்டோம்.

"இப்படி வழிகாட்டினால் எல்லாரும் வாங்கித் தின்றுவிட்டு மஞ்சள் கடுதாசி நீட்டுவார்களே!" என்று சிலர் பதறுகிறார்கள். அந்தக் காகிதத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தது யார்? வீட்டையும் நிலத்தையும் மனைவி, மைத்துனன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, ஊரார் சீட்டுப் பணத்தோடு கைவிரித்த பேர்வழிகள்! அவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இனாமாக எழுதிக் கொடுத்த சொத்தை ரத்துச் செய்ய அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. சொத்தை மறைத்தால் சிறைத் தண்டனையும் உண்டு. மருத்துவமனைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கடன்பட்டவனை அந்தப் பேர்வழிகளோடு ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள் என்பதே நம் வாதம்.

இது நம்முடைய வாதம் மட்டுமல்ல. 1980இல் கொச்சி வங்கி வழக்கிலே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். 1957ஆம் ஆண்டுக் கேரள மந்திரிசபையில் இருந்த அதே கிருஷ்ணய்யர்தான். கொடுக்க வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுத்தால் ஒழிய, வெறும் ஏழ்மைக்காகக் கடனாளியைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தது. ஆயினும் 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தொழிலாளிக் குடும்பமே தீக்கிரையாயிற்று. மிரட்டி வசூலிப்பவனைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும். ஆனால் மிரட்டல் நின்றாலும் கடன் நிற்கிறதே! தீர்க்கவே முடியாத கடனிலிருந்து மானத்தோடு வெளியேறும் வாசல் எங்கே? டில்லி சர்க்கார் 'புதுத் தொடக்கம்' அத்தியாயத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த 60,000, 35,000 என்ற வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். தொழிற்சங்க மாநாடுகளில் போனஸ் தீர்மானத்தோடு இந்தத் தீர்மானமும் வரட்டும்.

அதுவரை கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கடனால் ஊரைவிட்டு ஓட நினைக்கிறவன் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு தாளை எடுத்து யாருக்கு எவ்வளவு, என்றைக்கு வாங்கியது, வட்டி எவ்வளவு கட்டியது, ஜாமீன் யார் என்று அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வக்கீல் அங்கே இலவசம். ஒரு நாள் கூலி போகும். அந்தத் தாளைத் தொலைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.